ஒரே கல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த மாயா நாகரிகக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் மெக்சிகோவில் உள்ள பழைய மாயா நகரமான பலெங்கேயின் மன்னர் பகாலின் முகமூடி 'ஒரே பச்சைக் கல்லில் செதுக்கியது' என்று எழுதியிருப்பது தவறு. ஜேட் என்ற பச்சைக் கல்லின் 300-க்கும் மேற்பட்ட துண்டுகளைப் பொருத்தி ஒட்டியது அது. படத்தை உற்றுப் பார்த்தாலே கன்னத்தில் இணைப்புக் கோடுகள் ஓடுவது தெரியும். கண்ணின் வெள்ளைக்குச் சிப்பி, கருவிழிக்கு எரிமலைக் கண்ணாடி.

இதனால் வேலையின் பெருமை குறையாது. கூடும் என்றே சொல்வேன். ஜேட் இரும்பைவிடக் கடினமான கல். உலோகக் கருவி இல்லாத அந்தக் கைவினைஞர்கள் ஈர மணலும் கயிறும் வைத்து இழுத்து இழுத்தே அதை அறுத்தார்கள். அப்புறம் மூக்கின் வளைவுக்குத் தக்கபடி துண்டு துண்டாகத் தேய்க்க வேண்டும். நினைத்தாலே விரல் வலிக்கிறது!

கி.பி. 683-ல் இறந்த மன்னருடன் புதைந்த இந்த முகமூடி, 1952-ல் தொல்லியலாளர் அல்பெர்ட்டோ ரூஸ் கல்லறையைத் திறந்த பிறகுதான் வெளிச்சம் கண்டது. 1985 கிறிஸ்துமஸ் அன்று மெக்சிகோ நகர அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோய், 1989-ல் மீட்கப்பட்டது. இந்தக் கதையைக் கட்டுரையாளர் ஏனோ விட்டுவிட்டார். அடுத்த முறை படத்தையாவது தபால்தலை அளவில் போடாதீர்கள்.

– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம்