மாடிக்குக் கம்பி ஏற்றும்போது மின்கம்பியைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீடு கட்டும் இடத்தில் மின்கம்பி உரசி தொழிலாளி பலி என்ற செய்தி அடிக்கடி வருகிறது, நான்கு வரியில் முடிந்தும் விடுகிறது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தபோது தமிழ்நாடே பேசியது. ஒவ்வொருவராகச் சாகும்போது யாரும் பேசுவதில்லை.

எங்கள் தெருவில் இப்போது ஒரு வீட்டுக்கு மாடி எழுப்புகிறார்கள், எதிரிலேயே 11,000 வோல்ட் லைன் போகிறது. கான்கிரீட்டுக்கான 40 அடி இரும்புக் கம்பியைக் கீழே ஒருவர் தள்ள, மேலே ஒருவர் இழுத்து வாங்குகிறார். பாதி ஏறியதும் அது வளைந்து ஆட ஆரம்பிக்கும். அவர் கண்ணெல்லாம் கையில் பிடித்திருக்கும் இடத்திலேயே இருப்பதால் நுனி எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது. அந்த லைன் மேலுறை எதுவும் இல்லாத வெறும் அலுமினியம். காக்கா உட்காருகிறதே என்பார்கள். காக்காவுக்குத் தரையோடு தொடர்பு இல்லை, நமக்கு உண்டு.

விதிப்படி இந்த லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். சரி, சுவருக்கு அது போதும். 12 மீட்டர் கம்பியைத் திருப்புகிற ஆளுக்கு அது எந்த மூலைக்கு?

லைனில் பிவிசி பைப்பை மாட்டிவிட்டோம், பயமில்லை என்கிறார்கள் சிலர். தயவுசெய்து அதை நம்பாதீர்கள், சாதாரண பைப் அந்த மின்னழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்ததல்ல. வீட்டுக்காரர்களே, கம்பி ஏற்றும் நாளைச் சொல்லி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள். மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று விட்டால் அவருக்குக் கான்கிரீட் போடும் தேதிதான் முக்கியம். கம்பியைத் தரையிலேயே அளவுக்கு வெட்டி, லைன் இல்லாத பக்கமாக ஏற்றினாலும் நல்லது. கொஞ்சம் வீணாகும், ஆகட்டும்.

அப்புறம், யாராவது மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்ப் பிடிக்கவே கூடாது. காய்ந்த குச்சியால் தட்டிவிடலாம் என்பதெல்லாம் உயர் அழுத்த லைனில் செல்லாது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லி லைனை நிறுத்தச் செய்யுங்கள்.

மின்வாரியத்துக்கும் ஒரு வேண்டுகோள். கட்டுமானத்துக்குத் தற்காலிக இணைப்பு கொடுக்க வரும் ஊழியர் இடத்தை நேரில் பார்க்கத்தானே செய்கிறார்? அப்போதே மேலே போகும் லைனின் தூரத்தை அளந்து, கம்பி ஏற்றும்போது தகவல் தருவதாக வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உறையூர், திருச்சி