18-ஆம் தேதி காலையில் டெஸ்ட் கொடுத்துவிடு, மக்களே

மார்த்தாண்டம்,
10-12-2021

மக்களே,

போனில் பேச ஆரம்பித்தால் "டியூட்டிக்கு நேரமாச்சு அப்பா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் ஒன்றைப் பார்ப்பாய், ஒன்று விட்டுப்போகும். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன். கிளம்பும் வரை இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

முதலில் கொரோனா டெஸ்ட். இங்கிலாந்திலிருந்து உன் ஃப்ளைட் 20-ஆம் தேதி திங்கட்கிழமை சாயங்காலம். ஆர்டிபிசிஆர் சாம்பிளை 18-ஆம் தேதி சனிக்கிழமை காலையில் கொடு. 17-ஆம் தேதி லீவு இருக்கிறது என்று அன்றைக்கே போய்க் கொடுத்துவிடாதே. கிளம்புவதற்கு முந்தின 72 மணி நேரத்துக்குள் என்பது சாம்பிள் எடுத்த நேரத்திலிருந்து எண்ணுவது, ரிசல்ட் வந்த நேரத்திலிருந்து இல்லை. சனிக்கிழமை சாம்பிள் வாங்கி ஞாயிற்றுக்கிழமை ரிசல்ட் தருகிற லேபா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டு. ஆஸ்பத்திரியில் நீங்கள் வாரம் இரண்டு தடவை செய்துகொள்கிற டெஸ்ட் இதற்குச் செல்லாது. அங்கே அரசாங்கம் இலவசமாகச் செய்கிற பிசிஆரும் பயணத்துக்கு ஆகாது, பிரைவேட்டில்தான் எடுக்கணும். உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தாலும் சொல்கிறேன். ரிப்போர்ட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கணும். சாம்பிள் எடுத்த தேதியும் மணியும் இருக்கணும்.

மணி இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களைக் கடையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருத்தன், குவைத்தில் வேலை. ரிப்போர்ட்டில் தேதி மட்டும் இருந்தது. விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவனுடைய அப்பா என் கடையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் வேறு டெஸ்ட் எடுத்து, வேறு டிக்கெட் போட்டு வந்து சேர்ந்தபோது தங்கச்சி கல்யாணம் முடிந்துவிட்டது.

இந்த வருஷம் கடையில் ஜெராக்ஸும் பரீட்சை ரிசல்ட்டும் குறைந்துபோய் இதுவேதான் வேலை. கோவின் ஊசி சர்டிபிகேட்டில் பாஸ்போர்ட் நம்பர் சேர்க்கணும். ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், அதைத் திருத்தணும். திருத்த ஒரு தடவைதான் விடும் என்பதால் ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அடிக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் கோவிஷீல்டு இரண்டாம் டோஸுக்கு 84 நாள் காத்திருக்க வேண்டாம், 28 நாளில் போடலாம் என்று ஜூன் மாசம் உத்தரவு வந்தபோது விசா காப்பி எடுக்க ரோடு வரைக்கும் வரிசை நின்றது. இத்தனை வீட்டுப் பிள்ளைகள் போகவும் வரவும் என் கையால் ஃபார்ம் நிரப்பியிருக்கிறேன். என் சொந்த மகளுக்கு நிரப்ப இப்போதுதான் வாய்த்திருக்கிறது. கடைசி நேரத்தில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லாதே.

இந்தியாவுக்கு வருகிறவர்கள் ஆன்லைனில் நிரப்புகிற ஏர் சுவிதா ஃபார்மை நான் இங்கிருந்தே போடுகிறேன். அதற்குப் பணம் கிடையாது. பணம் கேட்கிற வெப்சைட் வந்தால் அது போலி, அட்டை நம்பர் கொடுத்துவிடாதே. 14 நாளில் எந்தெந்த நாட்டில் இருந்தாய் என்று எழுதணும், அதை மட்டும் சரியாகச் சொல். உன் பாஸ்போர்ட்டும் பிள்ளையுடையதும் வந்துவிட்டன. மருமகனுடையது வரவில்லை. ஃபைல் பெரிதாக இருந்தால் சில நேரம் போகாமல் நின்றுவிடும். மறுபடி அனுப்பிப் பார்.

டிசம்பர் 1-ஆம் தேதியிலிருந்து இங்கிலாந்து நம் அரசாங்கத்தின் ஆபத்துள்ள நாடுகள் பட்டியலில் இருக்கிறது. துபாய் வழியாக வருவதால் தப்பிவிடலாம் என்று உன் கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னால் நம்பாதே. நடுவில் எங்கே இறங்கி ஏறினாலும் நீ அங்கிருந்து வருகிறவள்தான். ஊசி போட்டதற்கும் இதில் சலுகை இல்லை. இரண்டு டோஸும் போட்டு, அதற்கு மேல் பூஸ்டரும் போட்டு, போன வருஷம் பிளாஸ்டிக் கவுனை மாட்டிக்கொண்டு அந்த வார்டில் நின்ற உன்னையும் எல்லாரோடும் சேர்த்துத்தான் நிறுத்துவார்கள். சபையில் அன்றைக்கு உன் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். உன் அம்மை அழுதாள், நான் நிமிர்ந்து நின்றேன். ஏர்போர்ட்டில் நிற்கவைத்தால் அதை நினைத்துக்கொள்.

திருவனந்தபுரத்தில் இறங்கியதும் மறுபடி சாம்பிள் எடுப்பார்கள். ரிசல்ட் வரும்வரை வெளியே விட மாட்டார்கள். ஐந்து வயசுக்குக் கீழே என்பதால் பிள்ளைக்கு டெஸ்ட் வேண்டாம், ஆனால் உன்னோடு காத்திருக்கணும், பசிக்கும். தின்ன ஏதாவது கைப்பையிலேயே வை. நெகட்டிவ் வந்த பேப்பரையும் ஊசி சர்டிபிகேட்டையும் உள்ளே திணித்துவிடாதே. கேரளத்திலிருந்து வருகிறவர்களிடம் களியக்காவிளை எல்லையில் கேட்பது ஆகஸ்ட் மாசத்திலிருந்தே உண்டு. கார் சொல்லிவிட்டேன், நானே வருகிறேன்.

நேற்று ஒரு செய்தி வந்திருக்கும், வழக்கமான சர்வதேச விமானங்கள் ஜனவரி 31 வரைக்கும் கிடையாது என்று. அதைப் பார்த்துப் பயந்துவிடாதே. நாடுகள் தங்களுக்குள் தனியாகப் போட்ட ஏர் பபிள் ஒப்பந்தத்தில் ஓடுகிறவை ஓடும். உன் டிக்கெட் அந்த விமானத்துக்குத்தானா என்று மட்டும் ஏஜென்ட்டிடம் கேட்டு எழுத்தில் வாங்கு.

"ரூல்ஸ் மாறிட்டே இருக்கு அப்பா, பாப்போம்" என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். மாறுகிறதுதான். செப்டம்பரில் கோவிஷீல்டு ஊசியை ஏற்போம், இந்தியா கொடுக்கிற சர்டிபிகேட்டை ஏற்க மாட்டோம் என்று அங்கே சொன்னார்கள். இங்கே பதிலுக்கு அங்கிருந்து வருகிறவர்களுக்குப் பத்து நாள் தனிமை என்றார்கள். பிறகு இரண்டு பக்கமும் இறங்கி வந்தார்கள். ஏப்ரல் 23-லிருந்து ஆகஸ்ட் 8 வரைக்கும் இந்தியாவை ரெட் லிஸ்ட்டில் வைத்திருந்தார்கள். இங்கே வந்துவிட்டுத் திரும்பினால் பத்து நாள் ஹோட்டலில் அடைந்து கிடக்கணும், அதற்கு ஓர் ஆளுக்கு 1,750 பவுண்டு. மே மாசம் பாட்டி போனபோது உன்னால் வர முடியவில்லை. அதை நான் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. போனில்தான் பார்த்தாய். மருமகன் உன் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். நல்ல மனுஷன் என்று அன்றைக்கு உன் அம்மையிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வீடியோவில் வருவதில்லை. நைட் டியூட்டி என்று சொன்னாய். சரி.

ஆனால் மே மாசம் கதவே மூடியிருந்தது, இப்போது திறந்திருக்கிறது. டெஸ்ட் இருக்கிறது, ஃபார்ம் இருக்கிறது, தனிமை இருக்கிறது, அவ்வளவுதான். வர மனசு இல்லை என்றால் அதைச் சொல். ரூல்ஸ் மேல் பழி போடாதே. ரூல்ஸை நான் தினமும் காலையில் படிக்கிறேன்.

திரும்பிப் போவதற்கும் இப்போதே ஏற்பாடு வேண்டும். இந்த மாசம் 7-ஆம் தேதியிலிருந்து இங்கிலாந்துக்குள் நுழைய, கிளம்புவதற்கு முந்தின இரண்டு நாளுக்குள் எடுத்த டெஸ்ட் கேட்கிறார்கள். 12 வயசும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். ஜனவரி 8 சனிக்கிழமை நீ கிளம்புவதால் 6 அல்லது 7-ஆம் தேதி இங்கே எடுத்துக்கொள்ளலாம். போய் இறங்கின பிறகு இரண்டாம் நாள் பிசிஆர், ரிசல்ட் வரும்வரை வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. அதை முன்னாலேயே பணம் கட்டி வாங்கி அந்த நம்பரை, அங்கே போகிறவர்கள் நிரப்புகிற லொகேட்டர் ஃபார்மில் எழுதணும். இதில் ஒன்றைக் கவனித்தாயா? பிள்ளைக்கு ஜனவரி 3-ஆம் தேதி ஐந்து முடிகிறது. வரும்போது அவளுக்கு டெஸ்ட் இல்லை, திரும்பிப் போனபின் அந்த இரண்டாம் நாள் டெஸ்ட் அவளுக்கும் உண்டு. நான்கு வயசு வரைக்கும்தான் அங்கே விலக்கு. உனக்கு மட்டும் வாங்கிவிட்டு ஏர்போர்ட்டில் நிற்காதே.

அந்த லொகேட்டர் ஃபார்மில் நீ போய்த் தங்குகிற வீட்டு அட்ரஸ் எழுதணும். எந்த அட்ரஸ் உண்மையோ அதை எழுது. கூரியரைப் பழைய அட்ரசுக்கு அனுப்ப வேண்டாம் என்று நீ சொன்னதிலிருந்து முந்திரிக்கொத்தை அம்மை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். வந்து தின்னட்டும் என்கிறாள். புது வீட்டுக்கு வாடகை எவ்வளவு, ஆஸ்பத்திரிக்குப் பக்கமா, பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். நீ வந்தபின் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

ஊரில் வேறே விசேஷம் இல்லை. நவம்பர் மழையில் குழித்துறை ஆறு ஏறி வந்தது, ரயில்கூட நின்றுபோனது. நம் பின்பக்கச் சுவர் கொஞ்சம் சரிந்தது, கட்டியாகிவிட்டது. ரப்பர் வெட்டு இப்போதுதான் மறுபடி தொடங்கியிருக்கிறது.

தனிமையைப் பற்றிச் சொல்கிறேன். வந்ததிலிருந்து ஏழு நாள் வீட்டில் இருக்கணும், எட்டாம் நாள் மறுபடி டெஸ்ட். கிறிஸ்துமஸ் அதற்குள் வந்துவிடும், கோவிலுக்குப் போக முடியாது. அது உனக்கு வருத்தமாக இருக்கும் என்று அம்மை சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாடி அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன், குளியலறை தனி. சட்டமே யாரும் வரக்கூடாது என்று சொல்லும்போது அத்தையும் வர முடியாது, சபையாரும் வர முடியாது, எதிர்வீட்டிலிருந்தும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். எங்கே, அவர் வரவில்லையா என்று ஒருத்தரும் கேட்க முடியாது. கேரல் பாட்டுக்கு வந்தாலும் கேட்டுக்கு வெளியே நின்று பாடிவிட்டுப் போகட்டும். அந்த ஏழு நாளும் நீ தூங்கு. சாப்பாடு படியில் வைப்போம். பிள்ளை கீழே இறங்கி ஓடி வருவாள், அவளைப் பிடித்து வைக்க முடியாது என்று தெரியும். நாங்கள் இருவரும் இரண்டு டோஸ் போட்டவர்கள், மாஸ்க் போட்டுக்கொள்வோம். நானும் ஒன்றும் கேட்க மாட்டேன். உன் அம்மையிடமும் சொல்லிவைக்கிறேன்.

ஒருவேளை உன்னால் வரவே முடியாமல் போனால், நாங்கள் வருகிறோம். இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் உயிரோடு இருக்கிறது. அம்மைக்குக் கோவாக்சின் என்பதால் முன்பு தடை இருந்தது, நவம்பர் 22 முதல் அங்கே அதையும் ஏற்றுக்கொள்கிறார்கள். விசாவுக்கு நீ ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அவள் குளிர் தாங்க மாட்டாள், ஆனாலும் வருவாள்.

டெஸ்ட் 18-ஆம் தேதி காலை. 17 இல்லை. ரிசல்ட் வந்ததும் எந்த நேரமானாலும் எனக்கு அனுப்பு, அதைச் சேர்த்தால்தான் ஃபார்ம் முடியும். இப்போதைக்கு இரண்டு பேருக்கு எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவது வேண்டும் என்றால் மருமகனுடைய பாஸ்போர்ட் முதல் பக்கத்தை அனுப்பு. வேண்டாம் என்றால் எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம், இரண்டையே போட்டுவிடுகிறேன்.

அப்பா