எதை முதலில் குழியில் இறக்குவது?

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. வீட்டில் எல்லோரும் நலம். முறுக்கு வந்து சேர்ந்தது என்று அக்காவிடம் சொல்லிவிடு.

"சின்ன வேலையை முதலில் தள்ளிவிடுவோம்" என்று எழுதியிருந்தாயே, இங்காட் (அச்சில் வார்த்த எஃகுக் கட்டி) விஷயத்தில் அது ஆகாதுடா. வெளியே நிற்க நிற்க இங்காட் ஆறும். ஆறினால் சோக்கிங் பிட்டில், அதாவது உருட்டும் முன் சூடேற்றும் குழி உலையில், கூடுதல் நேரம் கிடக்கும். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதே எப்போது இறக்கினாய் என்பதைப் பொறுத்தது.

ஒரு குழி, இரண்டு இங்காட், ஒரு நேரத்தில் ஒன்றுதான் இறங்கும் என்று வை. எண்கள் கணக்குக்காகத்தான். 'அ'வை உடனே இறக்கினால் 10 மணி நேரம். தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் அரை மணி கூடும். 'ஆ' 4 மணி நேரம், தாமதிக்கும் மணிக்கு 0.1 மணி கூடும். சின்னதை முதலில் விட்டால் 4 + 12 = 16. பெரியதை விட்டால் 10 + 5 = 15. ஒரு மணி மிச்சம்!

அடிப்படை நேரத்தைக் கூடும் வீதத்தால் வகு. 'அ'வுக்கு 20, 'ஆ'வுக்கு 40. சிறிய எண் முன்னால் போகட்டும். பிரவுன், யெஹியாலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-இல் எழுதிய விதி. அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றிப் பார், உனக்கே புரியும்: முன்னால் போவதன் அடிப்படை நேரத்தைப் பின்னால் நிற்பதன் வீதத்தால் பெருக்கு. 10 × 0.1 = 1; 4 × 0.5 = 2. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் இது கடைசி இங்காட் சீக்கிரம் முடிவதற்கு மட்டும். இரண்டும் முடியும் நேரங்களைக் கூட்டினால் 'அ' முதலில் போகும்போது 25, 'ஆ' முதலில் போகும்போது 20! முதலாளிக்கு எது வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்.

இன்னொன்று. இங்காட்டுகள் வெவ்வேறு நேரத்தில் அச்சைவிட்டு வந்திருந்தால், ஏற்கெனவே ஆறிய நேரத்தை வீதத்தால் பெருக்கி அடிப்படையோடு சேர். வகுத்து வரும் எண் அந்த ஆறிய நேரம் அளவுக்குக் கூடும். அதனால் ஒரே ரகத்தில் அதிகம் ஆறியதுதான் பின்னால் போக வேண்டும். முதலில் வந்தது முதலில் என்று பழகிய ஃபோர்மேன் சண்டைக்கு வருவார். 'அ', 'ஆ' போல இதற்கும் கணக்குப் போட்டுக் காட்டு.

வீதத்தைக் குத்துமதிப்பாக எழுதாதே. எவ்வளவு நேரம் ஆறியது, குழியில் எவ்வளவு பிடித்தது, இரண்டையும் வரைதாளில் குறி. சாய்வுதான் வீதம். புள்ளிகள் வளைந்தாலோ, ஒரு நேரத்துக்கு மேல் திடீரென்று எகிறினாலோ இந்த விதியை நம்பாதே. 8 இங்காட்டுக்கு 40,320 வரிசைதான்; கணினியிடம் விட்டு அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

இந்த வார ஷிஃப்ட் நோட்டைப் படம் பிடித்து அனுப்பு. சாய்வை நான் போட்டுத் தருகிறேன்.