விட்ட இடத்திலிருந்து நடத்துங்கள்

பத்திரிகை ஆசிரியருக்கு வணக்கம்.

புயலோ வெள்ளமோ நிலநடுக்கமோ, எது வந்தாலும் முதலில் 'பள்ளிகளுக்கு விடுமுறை' என்று ஒரு செய்தி வரும். அப்புறம் 'பள்ளிகள் மீண்டும் திறப்பு' என்று இன்னொன்று. அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கலே அதற்குப் பிறகுதான்.

2005 அக்டோபரில் பாகிஸ்தானின் வடபகுதியைக் குலுக்கிய நிலநடுக்கம் பலருக்கு நினைவிருக்கும். நான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். நிவாரணப் பணம் வந்து, குடும்பங்கள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. படிப்பு மட்டும் திரும்பவில்லை. பள்ளிகள் மூடிக் கிடந்தது சராசரியாக 14 வாரம்தான். ஆனால் பாதிப்புப் பகுதிக்கு அருகில் இருந்த பிள்ளைகள், தள்ளியிருந்த பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஒன்றரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள்.

14 வாரம் எப்படி இவ்வளவு வளர்ந்தது? வகுப்பறைக்குள் இருந்து பார்த்தால் புரியும். பின்னம் நடத்திய நாட்களில் பள்ளிக்கு வர முடியாத பிள்ளை, திரும்பி வரும்போது கரும்பலகையில் சதவீதக் கணக்கு இருக்கிறது. அது புரியாது. அடுத்த பாடமும் புரியாது. கேட்கக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ளும். ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடத்தை முடிக்கச் சொல்லி அவர்களை மேலிருந்து நெருக்குகிறார்கள்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தாய் தொடக்கப் பள்ளியாவது முடித்திருந்த வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தப் பின்னடைவு இல்லை. அப்படியானால் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரின் பிள்ளைகளுக்கு யார் கைகொடுப்பது? பள்ளிதான் கொடுக்க வேண்டும்.

2024இல் மட்டும் கடும் வானிலையால் 85 நாடுகளில் குறைந்தது 24 கோடி மாணவர்களின் படிப்பு தடைபட்டதாக யுனிசெஃப் சொல்கிறது. ஆகவே அரசிடம் கேட்கிறேன்: பள்ளி திறந்ததும் முதல் சில வாரங்களைப் புதுப் பாடத்துக்குக் கொடுக்காதீர்கள். யாருக்கு எது விட்டுப்போனது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குங்கள். அந்த ஆண்டுப் பரீட்சைக்குப் பாடத்தைக் குறையுங்கள். நிவாரண முகாம்களை வகுப்பறைகளிலிருந்து சீக்கிரம் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

பத்திரிகை நடத்தும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பள்ளி திறக்கும் நாளில் படம் எடுக்கப் போகும் நிருபரை, மூன்று மாதம் கழித்து அதே வகுப்புக்கு இன்னொரு முறை அனுப்புங்கள். வேலைக்குப் போய்விட்டவர்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்