வீட்டுப் பார்வைக்காகச் சுவரைச் சுரண்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

வாடகைத் தாயாக முன்வரும் பெண்களின் வீட்டுக்குப் போய், பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. நான் வரப்போவது தெரிந்ததும் பல வீடுகள் அல்லோலகல்லோலப்படுகின்றன. அந்த அவசரத்தில் நடக்கும் சில காரியங்கள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன.

சமீபத்தில் பார்த்தது பழைய கட்டடம் ஒன்று. உள்ளே நுழைந்ததுமே புது பெயின்ட் வாசனை. ஜன்னல் கட்டையைத் தொட்டேன், விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது. வீடு பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணே உட்கார்ந்து பழைய பெயின்டை உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். தேய்க்கும்போது அது தூளாகி மூச்சோடு உள்ளே போகும். உடம்பில் சேர்ந்த ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது கூடவே ரத்தத்துக்கு வந்து, வயிற்றுப் பிள்ளையையும் எட்டும். துடைப்பத்தைத் தொடாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். கரு வைப்பதற்கு முன் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும்படி அறிக்கையில் எழுதினேன். அவருக்கு முகம் வாடிவிட்டது, பாவம். யாராவது முன்பே சொல்லியிருந்தால் சுவரை அப்படியே விட்டிருப்பார்.

கழிப்பறை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பிளீச்சையும் ஆசிட்டையும் கலந்து ஊற்றுகிறார்கள். அந்தக் கலவையில் வருவது குளோரின் வாயு. தயவுசெய்து வேண்டாம்.

தரை மின்னுகிறதா என்று நான் பார்ப்பதே இல்லை. புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திப் பார்ப்பேன். சமைக்கும்போது கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றி வைத்திருப்பார்கள். 10 ஆண்டு ஆகியிருந்தால் கருவியையே மாற்ற வேண்டும். கேஸ் ஹீட்டர் இருந்தால் கார்பன் மோனாக்சைடு கருவி கட்டாயம் வேண்டும் என்பேன். வாசனையே இல்லாத அந்த வாயு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வயிற்றுப் பிள்ளைக்குத் தாயைவிட ஆபத்து அதிகம். அப்புறம் மாத்திரைகள் பூட்டி இருக்கின்றனவா, மாடிப்படியில் கைப்பிடி ஆடாமல் இருக்கிறதா, வீட்டுக்குள் யாராவது புகைக்கிறார்களா, இவ்வளவுதான்.

பூனையைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்தவர்களும் உண்டு. பூனை இருந்தால் இருக்கட்டும். அதன் மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். ஆகவே பூனை மலம் கழிக்கும் தொட்டியைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். கர்ப்ப காலத்தில் அந்த வேலையை வேறொருவர் ஏற்றுக்கொண்டால் போதும். அது யார் என்று கேட்கத்தான் போகிறேன், பூனையை மறைத்துவிட்டால் எப்படிக் கேட்பது?

கணவரும் பிள்ளைகளும் இருக்கும்போது நான் வருவது நல்லது. மருத்துவர் படுக்கையில் ஓய்வெடுக்கச் சொன்னால் சின்னவனை யார் தூக்குவார்கள் என்று அவர்களிடம்தான் கேட்க முடியும். பேசக்கூடாது என்று பிள்ளைகளை மிரட்டி வைக்காதீர்கள்.

ஏற்பாடு செய்யும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். எதையெல்லாம் பார்ப்போம் என்ற பட்டியலை, தேதி குறிக்கும் அன்றே அந்தப் பெண்ணின் கையில் கொடுங்கள். பெயின்டைச் சுரண்டாதீர்கள் என்பதை அதில் முதல் வரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சமூகப் பணியாளர்