குடிலில் குழந்தையை இப்போதே கிடத்த வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், இயேசுவுக்கே புகழ்.

கடந்த ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று நான் திருப்பலிக்கு வந்தபோது, பீடத்தின் இடப்பக்கம் குடில் கட்டி முடிக்கப்பட்டு, சீரியல் பல்புகள் மினுங்க, குழந்தை இயேசுவின் சுரூபமும் வைக்கோலில் கிடத்தப்பட்டிருந்தது. அதற்கு நாலடி தள்ளி ஊதாத் திருவுடையில் நின்ற குருவானவர், ஆண்டவருக்கு வழியை ஆயத்தமாக்கச் சொல்லிப் பாலைநிலத்தில் கூவிய திருமுழுக்கு யோவானைப் பற்றிய நற்செய்தியை வாசித்தார். வந்து படுத்திருப்பவருக்கு எதற்கு வழி என்ற கேள்வி அன்று முழுவதும் என்னை விடவில்லை. அன்று மாலையே கேக்கும் வெட்டினோம். நானும் ஒரு துண்டு வாங்கித் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திருவருகைக் காலத்தைக் கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணும் காலமாக நாம் சுருக்கிவிட்டோம் என்பதே என் வருத்தம். முதல் ஞாயிற்றின் நற்செய்தியில் பெத்லகேம் இல்லை, இடையர்கள் இல்லை, விண்மீனும் இல்லை. மூவாண்டுச் சுழற்சியில் மத்தேயு, மாற்கு, லூக்கா என எந்த ஆண்டு வாசித்தாலும், அன்று கேட்பது ஆண்டவர் மீண்டும் வரும் நாளைப் பற்றியும் விழித்திருக்கச் சொல்லும் எச்சரிக்கையைப் பற்றியும்தான். அடுத்த இரு ஞாயிறுகளும் திருமுழுக்கு யோவானுக்கு உரியவை. நான்காம் ஞாயிற்றில்தான் மரியாவோ யோசேப்போ நற்செய்திக்குள் வருகிறார்கள். டிசம்பர் 17-இலிருந்துதான் திருச்சபை பிறப்பு விழாவை நோக்கி நேராகத் திரும்புகிறது. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து மூன்று வருகைகளைப் பற்றிப் பேசினார்: உடலெடுத்து வந்தது ஒன்று, மாட்சியோடு வரப்போவது ஒன்று, இவ்விரண்டுக்கும் நடுவே மனித உள்ளத்துக்குள் ஓசையின்றி வருவது ஒன்று. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நாம் விட்டுவிட்டால், நான்கு வாரம் காத்திருக்கக் காரணமே இல்லாமல் போகிறது.

காத்திருப்பது எப்படி என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நம் பங்கில் பாதிப் பேர் கீழ்பவானிப் பாசனத்தை நம்பிப் பிழைப்பவர்கள். என் காடு கடைமடைப் பக்கம் இருக்கிறது. பவானிசாகரில் மதகைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தாலும், 200 கிலோமீட்டர் நீளமுள்ள வாய்க்காலில் தண்ணீர் எங்கள் பக்கம் எட்டச் சில நாட்களாகிவிடும். அந்த நாட்களில் யாரும் சும்மா இருப்பதில்லை. கொப்பு வாய்க்காலில் இறங்கிக் கோரையை அறுத்து, சரிந்து கிடக்கும் மண்ணை அள்ளிக் கரையில் போட்டு, சிக்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளையும் சாராயப் பாட்டில்களையும் பொறுக்கி எடுக்கிறோம். பிறகு ஒரு விடியற்காலையில் மேல்காட்டுக்காரர் போன் செய்து, "தண்ணி தொட்டுருச்சுங்க" என்பார். டார்ச்சோடு போய்ப் பார்த்தால், காய்ந்த சருகையும் நுரையையும் முன்னே தள்ளிக்கொண்டு, ஒரு விரற்கடை உயரத்தில், அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். தூர் எடுக்காதவன் காட்டுக்கு அந்தத் தண்ணீர் ஏறாது. யோவான் சொன்ன வழி எதுவென்று எனக்கு விளங்கியது அந்தக் கரையில்தான்.

இது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தைப் போல முகம் வாடியிருக்கும் காலம் அன்று. அல்லேலூயாவை நாம் நிறுத்துவதில்லை, மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு என்றே பெயர் பெற்றிருக்கிறது. ஆனாலும் ஞாயிறு திருப்பலியில் 'வானவர் கீதம்' பாடாமல் விடுகிறோம். பீடத்துப் பூக்களையும் மட்டாக வைக்கச் சொல்கிறது திருவழிபாட்டு ஒழுங்கு. அந்தப் பாடலை டிசம்பர் 24 இரவில் திரும்பப் பாடும்போது தொண்டை கம்முவதற்குக் காரணமே அந்த இடைவெளிதான். மெழுகுவர்த்தி வளையத்துக்கும் இதே கதைதான். 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், யோஹான் விஹெர்ன் என்ற லூத்தரன் போதகர், தம் இல்லத்துப் பிள்ளைகள் பண்டிகை எப்போது என்று ஓயாமல் கேட்டதால், வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். நாமோ வெளிச்சம் போதவில்லை என்று, ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்ற வேண்டிய நான்கையும் முதல் ஞாயிறே ஏற்றிவிட்டோம்.

கேரல் பவனியை 25-க்குப் பின் வைக்கச் சொல்லத்தான் முதலில் எண்ணினேன். முறைப்படி கிறிஸ்து பிறப்புக் காலம் அன்று தொடங்கி ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்து நம்மோடு வழிபடும் தென்மாவட்டக் குடும்பங்கள் 23-ஆம் தேதி இரவே ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் வீட்டுக் கதவை நாம் வேறெப்போது தட்டுவது? ஆகவே பவனி முன்னதாகவே நடக்கட்டும். டிரம்மையும் தாத்தா வேடத்தையும் மட்டும் 24 வரை ஒதுக்கி வைத்து, திருவருகைப் பாடல்களோடு அன்பியம் என்னும் நம் அண்டைவீட்டுக் குழுக்கள் ஒவ்வொன்றாகப் போய், நோயாளிகளையும் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி வீடுகளையும் முதலில் சந்திக்கலாம்.

குடிலைக் கட்டுங்கள், வைக்கோலையும் பரப்புங்கள். சுரூபத்தை மட்டும் 24 இரவுத் திருப்பலி வரை திருவுடைகள் வைக்கும் அறையான சக்ரீஸ்தியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். சாவி எங்கள் அன்பியத்தில் இருந்தாலும் சம்மதமே. முதல் ஞாயிற்றுக்கு முன் கூடும் பேரவையில் இதைப் பேச வேண்டுமெனப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடைமடையிலிருந்து வரும் பங்கு உறுப்பினர் ஒருவர்