மரியோ நத்தையாக நகராதது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய வீடியோ கேம்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஒரு வரி மட்டும் உறுத்தியது. கணினிகள் வேகமானதால், கேம் கருவிகளைப் போல நடித்து அவற்றின் கேம்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் மென்பொருள்கள் தாமாகவே வந்துவிட்டன என்கிறார் கட்டுரையாளர். எமுலேட்டர்களை எழுதியவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

1999 ஜனவரியில் வந்த அல்ட்ரா எச்.எல்.இ. என்ற எமுலேட்டரைப் பாருங்கள். நின்டெண்டோ 64 என்ற கேம் கன்சோலின் கேம்களை அது பிசியில் ஓட்டியது. அந்தக் கன்சோல் வெளியாகி அப்போது மூன்று வருடம்கூட ஆகவில்லை. அதன் பிராசசர் 93.75 மெகாஹெர்ட்ஸ், படத்துக்கும் ஒலிக்கும் தனிச் சிப் வேறு. என் நண்பன் வீட்டில் இருந்ததோ 350 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2. நாலு மடங்குகூட இல்லை. கன்சோலின் ஒரு கட்டளையைப் படித்து, பிரித்து, செய்து முடிக்க பிசிக்குப் பத்துக் கட்டளையாவது பிடிக்கும். அந்தக் கணக்கில் மரியோ நத்தையாக நகர்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மானிட்டரில் அவன் துள்ளி ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன்.

எப்சிலான், ரியாலிட்டிமேன் என்ற புனைபெயர்களில் அதை எழுதிய இருவர் செய்தது இதுதான். 'இந்த முக்கோணத்தை இங்கே வரை, இந்தப் படத்தை அதன்மேல் ஒட்டு' என்று ஒரு பட்டியல் போட்டுத்தான் கேம் கன்சோலின் அந்தத் தனிச் சிப்பிடம் வேலை வாங்கும். சிப் அதை உள்ளே எப்படிச் செய்கிறது என்று இவர்கள் நகலெடுக்கவே இல்லை. பட்டியலை வழியிலேயே வாங்கி, பிசியில் படம் வரையும் 3டிஎஃப்எக்ஸ் வூடூ என்ற கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பிராசசரின் கட்டளைகளையும் ஒரு தடவை இன்டெல் மொழிக்கு மாற்றி வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள்.

இதற்கு விலையும் உண்டு. வூடூ கார்டு இல்லாத என் கணினியில் அது ஓடவில்லை. ஓடிய கேம்களும் கொஞ்சம்தான். ஃபேக்டர் 5 நிறுவனத்தைப் போல அந்தச் சிப்புக்கே சொந்தமாக நிரல் எழுதியவர்களின் கேம்கள் இந்த வழிக்கு ரொம்ப நாள் பிடிகொடுக்கவில்லை.

அதற்கு முன்பு, 1997-இல் வந்த நெஸ்டிகிள் என்ற எமுலேட்டரும் அப்படித்தான். பென்டியத்துக்கு முந்தைய 486 கணினியிலேயே பழைய நின்டெண்டோ கேம்களை அது ஓட்டியது, முக்கியப் பகுதிகளை பிராசசரின் நேரடி மொழியான அசெம்பிளியில் கை நோக எழுதியதால்!

கட்டுரையாளர் அந்த வரியைத் திருத்தி, இவர்களுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை